கரிசல் மண்ணில் கெயிலார்டியா: 'பல்லாண்டுச் செடி' ஆறே மாதத்தில் அழுகிப்போவது ஏன்?

கேள்வி
எழுதியவர்: சூலூர் வாசல்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரை அடுத்த சூலூரில் எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரை ஒட்டி, இருபது அடி நீளமும் ஆறு அடி அகலமும் கொண்ட ஒரு கீற்று நிலம் இருக்கிறது. கரிசல் மண், காலை எட்டு மணி முதல் மாலை நான்கு மணி வரை தடையின்றி வெயில் விழும். ஒவ்வோர் ஆண்டும் நாற்று வாங்கி நட்டு, பூத்து ஓய்ந்ததும் பிடுங்கிப் போடும் வேலை எனக்கு அலுத்துவிட்டது. ஒரு முறை வைத்தால் சில ஆண்டுகளாவது நின்று பூக்கும் செடிகளாக இருக்கட்டும் என்று, சென்ற ஆனி மாதத் தொடக்கத்தில் கெயிலார்டியா விதை வாங்கினேன். உறையின் மீது 'பல்லாண்டுச் செடி' என்றே அச்சிட்டிருந்தது.

குழித்தட்டில் முளைக்க வைத்து, ஆடி நடுவில் 18 நாற்றுகளை ஓர் அடி இடைவெளியில் நட்டேன். புரட்டாசி பிறந்த சில நாட்களில் முதல் பூ விரிந்தது. நடுவில் அரக்குச் சிவப்பு, விளிம்பில் மஞ்சள், ஒவ்வோர் இதழின் நுனியும் மூன்றாகப் பிளந்திருந்த அழகு என்று, காலையில் காப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவற்றைப் பார்ப்பதே எனக்கு வழக்கமாகிவிட்டது. கவனிப்பில் நான் எந்தக் குறையும் வைக்கவில்லை. நாள்தோறும் மாலையில் குழாய் பிடித்து நீர் ஊற்றினேன். மாதம் ஒரு கூடை தொழு உரம் இட்டேன். பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை ஊறவைத்த கடலைப் புண்ணாக்குக் கரைசலும் விட்டேன். செடிகள் தளதளவென்று இடுப்பளவுக்கு வளர்ந்தன. ஆனால் தண்டுகள் நிற்க மாட்டாமல் நாலாபுறமும் சாய்ந்தன. இலை பெருகிய அளவுக்குப் பூ பெருகவில்லை.

ஐப்பசி மழை வலுத்ததும் அடி இலைகள் கறுக்கத் தொடங்கின. கார்த்திகை முடிவதற்குள் 13 செடிகள் போய்விட்டன. அவற்றில் ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். சற்றும் பிடிப்பில்லாமல் கையோடு வந்தது. மண்ணைத் தொடும் கழுத்துப் பகுதி கறுத்து, மேல்தோல் நனைந்த காகிதம் போல விரலோடு உரிந்துவிட்டது. வேர் மண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எனக்குப் புரியாத செய்தி இதுதான். வீடு கட்டியபோது கொத்தனார்கள் செங்கல் துண்டுகளையும் காரைக் கழிவையும் கொட்டி மேடாக்கிய ஒரு மூலை சுவரின் கோடியில் இருக்கிறது. அந்த 18 நாற்றுகளில் ஐந்தை அங்கே நட்டிருந்தேன். குழாய் எட்டாத இடம் என்பதால் அவற்றுக்கு எப்போதாவது ஒரு செம்பு நீர்தான். உரம் இட்டதே இல்லை. அந்த ஐந்தில் ஒன்றுகூடச் சாகவில்லை. முழங்கால் உயரம்தான் இருக்கின்றன. ஆனாலும் தை பிறந்த பின்னும் பூத்துக்கொண்டிருக்கின்றன.

இது உண்மையிலேயே பல்லாண்டுச் செடியா? காலியான பாத்தியில் மீண்டும் இதையே வைக்கலாமா, அல்லது வேறு ஏதாவது வைக்க வேண்டுமா? இதழ் உதிர்ந்த பின் தண்டின் நுனியில் உருண்டையாக நிற்பது அடுத்த மொட்டா, விதையா? என் மாமியார் நாள்தோறும் பூஜைக்குப் பூக் கேட்பார் என்பதால், பறிக்கப் பயன்படும் செடிகளையே எதிர்பார்க்கிறேன்.


மறுமொழி
எழுதியவர்: மேட்டுப்பாத்தி

வணக்கம் சகோதரி. பொள்ளாச்சிப் பக்கம் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கெயிலார்டியா வளர்த்து வருகிறேன். முதல் மூன்று ஆண்டுகள் நானும் நீங்கள் செய்ததையேதான் செய்தேன். உங்கள் முதன்மையான கேள்விக்கு விடை அந்தக் காரைக் கழிவு மூலையில் இருக்கிறது.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் தோட்டங்களுக்கு வருவன பெரும்பாலும் இரண்டு வகை. கெயிலார்டியா புல்கெல்லா என்பது ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து விதைத்து மடியும் ஓராண்டுச் செடி. கெயிலார்டியா அரிஸ்டாட்டா என்பது வட அமெரிக்காவின் குளிர்ந்த, வறண்ட புல்வெளிகளிலும் மலையடிவாரங்களிலும் ஆழமாக வேர்விட்டுப் பல ஆண்டுகள் வாழும் செடி. இவ்விரண்டும் கலந்து பிறந்த கலப்பினமே கிராண்டிஃப்ளோரா. உறைகளில் 'பல்லாண்டு' என்று அச்சிட்டு வருவது பெரும்பாலும் இந்தக் கலப்பினம்தான். அது பல்லாண்டுச் செடி என்பது பொய்யன்று. ஆனால் மாமரம் போலவோ மல்லிகை போலவோ நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. நல்ல இடம் அமைந்தாலும் இரண்டு, மூன்று ஆண்டுகள்தான் அதன் ஆயுள். ஓராண்டுத் தாயின் ஓயாத பூப்பை அது வாங்கிக்கொண்டு வந்திருப்பதால், தன் வலுவையெல்லாம் பூவுக்கே கொடுத்து விரைவில் ஓய்ந்துவிடுகிறது.

உங்களிடம் இருப்பது எது என்று அறிய, உயிரோடு இருக்கும் ஐந்து செடிகளின் அடியில் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள். தரைமட்டத்தில் புதிய இலைக்கொத்துகள் தலைகாட்டினால் அது கலப்பினம். அடுத்த ஆண்டுக்கும் நிற்க ஆயத்தமாகிறது என்று பொருள். அடியில் வெறும் காய்ந்த தண்டு மட்டும் இருந்து, மேலே மட்டும் கிளைத்துப் பூத்தால் பெரும்பாலும் அது ஓராண்டு வகை.

இனிச் சாவின் காரணம். நீங்கள் விவரித்தது கழுத்தழுகல், வேரழுகல் என்று நாம் சொல்லும் நோய். கரிசல் மண்ணில் களி மிகுதி. மழை பெய்தால் ஊறி உப்பி, துளைகளெல்லாம் அடைபட்டு, நீரை நாட்கணக்கில் பிடித்து வைத்துக்கொள்ளும். கெயிலார்டியாவின் வேருக்கு நீரைவிடக் காற்று முக்கியம். மாலையில் ஊற்றிய நீர் இரவு முழுவதும் கழுத்தில் நின்றதும், தொழு உரம் தண்டோடு ஒட்டிக் குவிந்ததும், சாய்ந்த தண்டுகள் தரையை மூடிக் காற்றோட்டத்தைத் தடுத்ததும், அதன் மேல் ஐப்பசி மழை இறங்கியதும் சேர்ந்து பூஞ்சணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் கொடுத்துவிட்டன. தண்டு சாய்ந்ததற்குக் காரணம் தழைச்சத்து. கடலைப் புண்ணாக்கு கீரைக்கும் கத்தரிக்கும் நல்லது. இந்தச் செடிக்கு அது இலையைக் கொடுத்துப் பூவைக் குறைக்கும்.

பாத்தி நீரை எப்படி வடிக்கிறது என்பதை முதலில் சோதியுங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி எடுத்து நீரை நிரப்பி முழுவதும் வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். இரண்டாம் முறை ஊற்றிய நீர் மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால், கரிசலில் இரண்டு சட்டி மணலைக் கலந்து சரிசெய்துவிடலாம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். களிமண்ணில் கொஞ்சமாக மணல் சேர்த்தால் அது காய்ந்ததும் செங்கல் போல இறுகிவிடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. அதற்குப் பதிலாக, இருக்கும் மண்ணின் மேலேயே செங்கல்லைப் படுக்கவைத்து வரப்புக் கட்டி, பத்து முதல் பன்னிரண்டு அங்குல உயரத்துக்கு மேட்டுப்பாத்தி அமையுங்கள். அதில் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய எரு அரைப்பங்கு போதும். அழுகிய செடிகள் நின்ற இடத்து மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்துங்கள். செத்த செடிகளை மட்கு உரக் குழியில் போட வேண்டாம்.

நட்ட பின் மூன்று வாரங்கள் வரை வேர் பிடிக்க நீர் வேண்டும். அதன்பின் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, ஈரம் தட்டுப்படாதபோது மட்டும், காலை வேளையில், அடியில் நிறைய ஊற்றுங்கள். கோடையில் ஐந்து நாட்களுக்கு ஒரு முறை என்பது எங்கள் வீட்டுக் கணக்கு. உங்கள் மண்ணுக்கு அது சற்று மாறலாம்.

அந்த உருண்டையைப் பற்றிக் கேட்டீர்கள். அது விதைத்தலைதான். புதிதாக வளர்ப்பவர்கள் பலரும் அதை மொட்டு என்று நினைத்துக் காத்திருப்பார்கள். மொட்டு தட்டையாக, பச்சைப் புல்லிதழ்களால் மூடியிருக்கும். விதைத்தலை கோலிக்குண்டு போல உருண்டு, மேலே பழுப்பான சுனைகள் சிலிர்த்து நிற்கும், தொட்டால் சொரசொரக்கும். அவற்றை வாரம் இருமுறை கிள்ளி எடுத்துக்கொண்டே வந்தால் பூ ஓயாது. சிறந்த செடி ஒன்றில் மட்டும் ஐந்தாறு தலைகளை முற்றவிடுங்கள். சாம்பல் நிறமாகி, விரலால் நெருடினால் உதிரும் பதத்தில் எடுத்து, நிழலில் உலர்த்தி, காகித உறையில் வையுங்கள். விதைக்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மண்ணால் மூடாமல் மேலே தூவி உள்ளங்கையால் அழுத்திவிட்டால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும்.

கடைசியாக ஒன்று. புரட்டாசிக் கடைசியில், மழை தொடங்கும் முன், பூ இருக்கிறதே என்று பார்க்காமல் எல்லாத் தண்டுகளையும் அரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்துவிடுங்கள். கை நடுங்கத்தான் செய்யும். ஆனால் வெட்டிய செடிதான் அடியிலிருந்து துளிர்க்கும். காற்றும் உள்ளே புகும். என் தோட்டத்தில் கவாத்து செய்யத் தொடங்கிய பிறகுதான் செடிகள் இரண்டாம் ஆண்டைப் பார்த்தன.


மறுமொழி
எழுதியவர்: ஆஸ்டின் தமிழ்

மேட்டுப்பாத்தி ஐயா சொன்னதை, இந்தச் செடியின் சொந்த ஊரிலிருந்து நானும் உறுதிசெய்கிறேன். டெக்சாசில் ஏப்ரல், மே மாதங்களில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டினால் இருபுறமும் புல்கெல்லா கம்பளம் விரித்தது போலப் பூத்துக் கிடக்கும். அதற்கு யாரும் நீர் ஊற்றுவதில்லை, உரம் இடுவதில்லை. சுண்ணாம்புப் பாறையின் மேல் ஓர் அடிகூட ஆழமில்லாத சரளை மண்ணில் அது நிற்கிறது. நெடுஞ்சாலைத் துறையினர் ஆண்டுதோறும் காட்டுப்பூ விதைகளைத் தூவுவதோடு, பூக்கள் விதைத்து முடியும் வரை சாலையோரத்தில் புல் வெட்டுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். ஜூலை வெயிலில் செடிகள் காய்ந்து மடிந்துவிடும். உதிர்ந்த விதைகள் இலையுதிர்கால மழையில் முளைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு ஒட்டிய சிறு இலைக்கொத்துகளாக இருந்து, மறுபடியும் வசந்தத்தில் எழும். செடி சாகிறது, இடம் மட்டும் ஒருபோதும் காலியாவதில்லை.

பல்லாண்டு வகையான அரிஸ்டாட்டாவை அறிவியல் உலகுக்குக் கொண்டுவந்தவர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராயச் சென்ற மெரிவெதர் லூயிஸ். அவர் அதை 1806 ஜூலையில் இன்றைய மொன்டானா மாநிலத்தின் மலைப்பகுதியில் சேகரித்தார். உறைபனிக் குளிரைத் தாங்கும் செடி அது. ஆனால் ஈரத்தோடு கூடிய குளிரைத் தாங்காது. இங்கேயும் வீட்டுத் தோட்டங்களில் அது சாவது பனியால் அன்று; நீர் தேங்குவதால்தான். புல்தரைக்காக வைத்த தானியங்கித் தெளிப்பான் எட்டும் தூரத்தில் நான்கு செடிகளை வைத்து, நான்கையும் ஒரே ஆண்டில் இழந்தவன் நான்.

இன்னொரு செய்தி, ஆர்வத்துக்காக. இங்கே ஸ்கினியா வொலூப்பியா என்றொரு சிறு அந்துப்பூச்சி உண்டு. சிவப்பும் மஞ்சளுமாக இந்தப் பூவின் நிறத்தையே கொண்டிருப்பதால், அது பூவின் மேல் உட்கார்ந்திருப்பது முகத்தை அருகில் கொண்டுபோனால்தான் தெரியும். அதன் புழு விதைத்தலையைத்தான் தின்று வளரும். எனக்குப் பத்து விதைத்தலைகள் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன், மருந்து அடிப்பதில்லை. உங்கள் செடியில் வேறு பூச்சிகள் வரலாம். தேனீக்கள் நாள் முழுவதும் மொய்க்கும் பூ இது என்பதை நினைவில் வைத்து, மருந்தைக் கையில் எடுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: வேதாரண்யம் மணல்

எங்கள் வீடு கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில், முழுக்க மணல். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை விதைத்தேன். அதன்பின் விதை வாங்கவே இல்லை. தானாகவே விழுந்து முளைத்து, இப்போது கிணற்றடி வரை வந்துவிட்டது. கார்த்திகையில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் மணலில் அரை மணி நேரத்தில் நீர் இறங்கிவிடுவதால் ஒரு செடிகூட அழுகியதில்லை. உப்புக் காற்றையும் பொருட்படுத்தாது. பறிக்கும்போது மட்டும் கவனம் தேவை. இலையும் தண்டும் பட்டால் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் வரும். என் மகளுக்கு வருகிறது. எனக்கு ஒன்றும் செய்வதில்லை. உங்கள் மாமியார் பறிப்பதாக இருந்தால் முதலில் சொல்லி வையுங்கள்.


மறுமொழி
எழுதியவர்: சேலம் பூக்கூடை

சகோதரிக்கு வணக்கம். கெயிலார்டியாவைப் பற்றி மற்றவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். ஒன்றில் மட்டும் எனக்குச் சற்று மாறுபட்ட கருத்து உண்டு. உரமே கூடாது என்ற அளவுக்குப் போக வேண்டியதில்லை. கவாத்து செய்த பிறகு செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை, டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் பூஞ்சணத்தை அடக்கும் நன்மை செய்யும் பூஞ்சணம்) கலந்து, தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி இட்டால் துளிர் வலுவாக வரும். ஆண்டுக்கு அந்த ஒரு முறை போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இருபது அடிக்கும் மேட்டுப்பாத்தி கட்ட வேண்டாம், பாதியில் கட்டுங்கள். மீதியில் கரிசலை விரும்பாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளும் செடிகளை வையுங்கள். என் முதல் தேர்வு டிசம்பர் பூ. நீலம், வெள்ளை, இளஞ்சிவப்பு என்று நிறங்கள் உண்டு. ஒரு போத்தை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும். ஆண்டுக்கொரு முறை வெட்டிவிட்டால் பல ஆண்டுகள் நிற்கும். உறையில் எழுதியிருக்கும் 'பல்லாண்டு' என்ற சொல்லுக்கு உண்மையில் பொருந்தும் செடி அது. கார்த்திகை, மார்கழியில் கெயிலார்டியா சோர்ந்திருக்கும் நேரத்தில் அது பூத்துப் பூஜைத் தட்டை நிறைக்கும்.

சாமந்தியும் வைக்கலாம், ஆனால் அதை நடத்தும் முறை வேறு. பூத்து முடிந்ததும் தாய்ச்செடியைத் தரையோடு வெட்டிவிட்டால், அடியிலிருந்து பக்கக் கன்றுகள் கிளம்பும். அவற்றை வேரோடு பிரித்து நட வேண்டும். பழைய கட்டையையே வைத்திருந்தால் பூ சிறுத்துக்கொண்டே போகும். இரவு நீளும் பருவத்தில்தான் சாமந்தி மொட்டு வைக்கும் என்பதால், தெருவிளக்கு இரவு முழுவதும் படும் இடத்தில் அதை நடாதீர்கள். எங்கள் வீட்டில் விளக்குக் கம்பத்துக்கு நேர் எதிரே இருந்த ஐந்து செடிகள் இலையாகவே நின்றன. பத்தடி தள்ளி, மதில் நிழலில் இருந்தவை பூத்துக் குலுங்கின. இரண்டு ஆண்டுகள் உரத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோரியாப்சிஸ் என்ற மஞ்சள் பூச்செடி மேட்டுப்பாத்தியில் கெயிலார்டியாவுக்கு நல்ல துணை. இரண்டுக்கும் ஒரே நீர், ஒரே வெயில். எக்கினேசியாவைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டு நானும் வாங்கினேன். ஏற்காட்டில் என் தங்கை வீட்டில் நன்றாக நிற்கிறது, இங்கே சமவெளியில் கோடையைத் தாண்டவில்லை. நித்தியகல்யாணி எங்கும் வளரும் என்று சொல்லி வைக்கச் சொல்வார்கள். வளரும், ஆனால் நீர் தேங்கினால் அதுவும் கெயிலார்டியாவைப் போலவே ஒரே வாரத்தில் வாடிச் சாகும். கனகாம்பரம் வைப்பதாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு இல்லாத நாற்றாகப் பார்த்து, வேரைக் கழுவிக் கண்ணால் கண்ட பிறகு வாங்குங்கள்.


மறுமொழி
எழுதியவர்: புனே வாசி

பூஜைக்கு ஆகுமா என்ற ஐயம் வேண்டாம். மராட்டியத்தில் கெயிலார்டியாவுக்கு 'கலாண்டா' என்று பெயர். விவசாயிகள் உதிரிப்பூவாகவே பயிரிட்டு, சாமந்தியைப் போல மாலை கட்டச் சந்தைக்குக் கொண்டுவருகிறார்கள். நீர் குறைவான நிலத்துக்கு ஏற்ற பயிர் என்பதுதான் அவர்கள் அதை விரும்பக் காரணம். நான் பார்த்த வரையில் யாரும் பழைய செடியை அடுத்த ஆண்டுக்கு வைத்திருப்பதில்லை. புதிய நாற்றைத்தான் நடுகிறார்கள். மாலைக்கு, இதழ் குழல் குழலாகத் திரண்டு பந்து போலிருக்கும் அடுக்கு வகையே ஏற்றது. உங்களிடம் இருக்கும் ஒற்றை வகையைக் காம்போடு பறித்துத் தட்டில் வைக்கலாம். கோத்தால் இதழ் தொங்கிவிடும்.


மறுமொழி
எழுதியவர்: சூலூர் வாசல்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஆறு மணிக்குக் குழியை இரண்டாம் முறையாக நிரப்பினேன். பத்து மணிக்குப் பார்த்தபோது நீர் இரண்டு அங்குலம்தான் இறங்கியிருந்தது. மாலையிலும் குழியில் நீர் நின்றது. அந்த நீரில்தான் பதின்மூன்று செடிகளும் நாள்தோறும் நின்றிருக்கின்றன என்று நினைத்தபோது மனம் கனத்துவிட்டது.

மூலையிலிருந்த ஐந்து செடிகளின் அடியையும் விலக்கிப் பார்த்தேன். மூன்றில் ஒன்றுமில்லை. இரண்டில், தண்டைச் சுற்றி, சுண்டுவிரல் நீள இலைகளோடு சாம்பல் படிந்த பச்சையில் நான்கைந்து கொத்துகள் இருக்கின்றன. அப்படியென்றால் ஒரே உறையில் இரண்டு வகையும் கலந்து வந்திருக்கிறதா? அந்தக் கொத்துகளைப் பிரித்து இப்போதே மேட்டுப்பாத்தியில் நடலாமா? பத்தடி நீளத்துக்குச் செங்கல் எடுத்து வைத்துவிட்டேன்.


மறுமொழி
எழுதியவர்: மேட்டுப்பாத்தி

கலந்தும் வந்திருக்கலாம், அல்லது மூன்று செடிகள் ஓயாமல் பூத்ததில் அடித்துளிர் விடாமலும் இருந்திருக்கலாம். அந்த மூன்றில் பாதித் தண்டுகளை இப்போது வெட்டிவிட்டு ஒரு மாதம் பாருங்கள், தெரிந்துவிடும்.

கொத்துகளை இப்போது பிரிக்க வேண்டாம். பிரித்து நட்டவை வேர் பிடிப்பதற்குள் பங்குனி வெயில் வந்துவிடும். ஆடிச் சாரல் விழும்போது, தாய்ச்செடியைக் கவாத்து செய்துவிட்டு, ஒவ்வொரு கொத்தையும் சிறிது வேரோடு கூரிய கத்தியால் அறுத்தெடுத்து நடுங்கள். அதுவரை அந்த இரண்டு செடிகளும் அங்கேயே இருக்கட்டும். பாத்தியை இப்போதே கட்டி மண்ணை நிரப்பி வையுங்கள். மண் படிந்து அமர நேரம் கிடைக்கும். அந்த இரண்டு செடிகளின் விதைத்தலைகளை மட்டும் இன்றிலிருந்து கிள்ளாமல் முற்றவிட்டால், ஆனியில் விதைக்கச் சொந்த விதை இருக்கும். கலப்பின விதை என்பதால் தாயைப் போலவே எல்லாம் வரும் என்று சொல்ல முடியாது. சில முழு மஞ்சளாக வரும், சில முழுச் சிவப்பாக வரும். எங்கள் வீட்டில் ஒரு முறை விளிம்பு மட்டும் மங்கிய ஆரஞ்சாக ஒரு செடி வந்தது. அதன் விதையை இன்னும் தனி உறையில் வைத்திருக்கிறேன். அந்த மூலைக்கு ஊற்றிவந்த ஒரு செம்பு நீரைக் கூட்டிவிடாதீர்கள்.